மூன்றாவது நட்டு

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஈயத் துண்டு கிடக்கிறது. பட்டாணியைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் எப்படி இருக்குமோ அந்த அளவுதான். நடுவே போகிற கம்பி அறுந்து, இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முகத்தில் சின்னதாக ஒரு வேல் பதிந்திருக்கிறது. நேராக நிற்க வேண்டிய வேல், இடது பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது. சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து வைப்பேன். குளித்துவிட்டு வந்து மறுபடி மாற்றுச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொள்வேன். பேத்தி ஒருநாள் அது என்ன என்று கேட்டாள். பழைய லாரியின் டீசல் பம்ப்பில் இருந்த சீல் என்றேன். அதை எதற்குத் தாத்தா சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்றாள். எதைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருக்கிற நான் அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன்.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருச்செங்கோட்டில் ஒரு லாரியில் கிளீனராக ஏறி, சக்கரத்துக்குக் கல் வைப்பதில் தொடங்கி, டிரைவராகி, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடுகிற டிரில்லராகி, இன்றைக்கு என் பெயர் எழுதிய ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும் போய் நிற்கின்றன. கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசுவேன். தமிழ் எழுத்தே கடைப் பலகைகளைப் பார்த்து நானாகக் கூட்டிக் கற்றுக்கொண்டதுதான். பொறியியல் கல்லூரியில் படித்து வந்தவர்கள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துச் சொல்வதை, வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு நான் சொல்லிவிடுவேன். எந்த வேலையானாலும் அதில் நான் ஒரு கை வைத்தால்தான் முடிந்தது என்று நினைக்கிற ஆள். அப்படி நினைத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்தக் கதையும் அப்படி நினைத்ததால் வந்ததுதான்.

அந்த நாளில் எங்கள் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் டீசல் பம்ப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஊரே அவரைப் பம்ப் மேஸ்திரி என்று கூப்பிடும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை. டீசலில் பிழைக்கிறவர் வெள்ளைச் சட்டை போடுவதே ஒரு திமிர்தான்; சாயங்காலம் அதில் ஒரு சொட்டுக் கறை இருக்காது. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிற திருகு பம்ப்பின் பின்பக்கம் இருக்கிறது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்றால் டிரைவர்கள் அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பி விடுவார்கள். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு பாயும், ஆறு மாதத்தில் எஞ்சின் படுத்துவிடும். அதனால் மேஸ்திரி வேலை முடிந்ததும் திருகின் தலையில் கம்பி கோத்து, ஈயம் வைத்து, தன் குறட்டால் ஒரு அழுத்து அழுத்துவார். குறட்டின் வாயில் வேல் வெட்டியிருந்தார். அந்த வேல் உடைந்திருந்தால் அந்த வண்டியை அவர் மறுபடி தொடமாட்டார். முதலாளி காலில் விழுந்தாலும் தொடமாட்டார். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அப்படி விழுந்து பார்த்தார்கள்.

என் முதல் ரிக் லாரி பழைய ஆறு சிலிண்டர் வண்டி. வெளி மாநிலத்தில் எங்கேயோ தண்ணீர் கலந்த டீசலைக் குடித்துவிட்டு வந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நிற்கும். மேஸ்திரி பம்ப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, ரிப்பேர் செய்து பிரயோசனமில்லை, வேறு பம்ப் மாற்றிவிடலாம் என்றார். கர்நாடகாவில் வறட்சி. போர் போட ஆட்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோசியரிடம் நாள் பார்த்து, மத்தியானம் மூன்று மணிக்குள் வண்டி பட்டறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று குறித்திருந்தேன். எங்கள் ஊரில் ரிக் வண்டி வெளியூர் கிளம்புவது கல்யாணம் மாதிரி. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மலைக்கோயிலைப் பார்த்துச் சூடம் காட்டி, குறித்த நேரத்துக்குள் சக்கரம் உருள வேண்டும். நேரம் தப்பினால் குழி வறண்டு போகும் என்று ஆட்கள் ஏறவே தயங்குவார்கள்.

அன்றைக்குக் காலையில் அவர் பம்ப் ஏற்றியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கழற்றிய டீசல் பைப்புகளின் வாயில் துணி வைக்க விடமாட்டார், நூல் உள்ளே போகுமாம். சைக்கிள் ட்யூப்பை வெட்டி மூடி மாதிரி மாட்டி வைத்திருந்தார். எஞ்சினைக் கம்பி போட்டுக் கையால் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்து வால்வுகள் இரண்டும் மூடியிருக்கிற நிலையில் நிறுத்தி, பம்ப்பைத் தூக்கி உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய பூசை. முதல் பைப் போகிற வாயில் கழுத்து வளைந்த ஒரு சின்னக் குழாயை மாட்டினார். கையால் டீசலை அடிக்க அடிக்க அது ஒழுகும். என்னை எஞ்சினை மயிரிழை மயிரிழையாகச் சுற்றச் சொன்னார். ஒழுக்கு மெலிந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி நீளும். கடைசிச் சொட்டு குழாயின் மூக்கில் தொங்கிக்கொண்டு விழாமல் நிற்கும். அந்த இடம்தான் எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேர வேண்டிய நேரம். "கையி பொய் சொல்லுமுங்க, சொட்டுப் பொய் சொல்லாது" என்பார். மூன்று தடவை சுற்ற வைத்தார். மூன்று தடவையும் சொட்டு ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் பம்ப்பை இறுக்கினார்.

ஆறு பைப்புகளையும் மாட்டி, காற்றை எடுத்து, ஒவ்வொரு நட்டாக இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் தினக்காலண்டரின் அட்டையை வெட்டி எப்போதும் பையில் வைத்திருப்பார். அதை ஒவ்வொரு நட்டின் பக்கத்திலும் ஒரு மூச்சு நேரம் பிடித்தார். எங்காவது கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆவி மாதிரி வரும், அட்டையில் மட்டும் ஊசியால் கீறின மாதிரி ஈரக் கோடு விழும். அந்த ஆவி ஆளின் தோலையே துளைக்கும், யாரும் விரலை வைக்கக்கூடாது என்று ஆட்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். ஆறிலும் அட்டை காய்ந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடு கொஞ்சம் ஆறட்டும், சோறு தின்றுவிட்டு வந்து கடைசியாக ஒரு ஓட்டம் பார்த்துச் சீல் அடிக்கிறேன் என்று போனார். ஆட்களும் அவர் கூடவே போய்விட்டார்கள். பட்டறையில் நானும் வண்டியும்தான்.

எனக்குப் பசிக்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது பைப்பின் நட்டு மட்டும் கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தது. தொட்டால் ஈரம். காற்று எடுத்தபோது வழிந்த டீசல் துடைக்காமல் நின்றது, அவ்வளவுதான். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. மேஸ்திரி ஒரு நட்டை விட்டுவிட்டார், நான் கண்டுபிடித்துவிட்டேன். அவர் வந்ததும் ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அப்போதே வார்த்தை கூட யோசித்துவிட்டேன். ஸ்பேனரை எடுத்து, அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, ஒரு இழு இழுத்தேன். லாரிச் சக்கரத்தின் நட்டைத் தனி ஆளாகக் கழற்றுகிறவன் நான். கிறிச்சென்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. கையில் ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. சரி, நன்றாக இறுகிவிட்டது என்று ஸ்பேனரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

அவர் வந்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் ஒரு சின்ன நொண்டல். எனக்கும் கேட்டது. நட்டை இறுக்கினதை நான் சொல்லவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அட்டையைத்தான் முன்பே ஆறுக்கும் காட்டி முடித்துவிட்டாரே. தன் கை இறுக்கிய நட்டில் கசிவு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எந்த பைப்பில் துடிப்புக் குறைகிறது என்று பார்க்க, வலது கையை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவதற்கு வந்தபோது வெடுக்கென்று கையை இழுத்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஆள்காட்டி விரலின் நுனியில், முள் குத்தி எடுத்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம் கூட இல்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

நான் ஓடிப்போய் மூன்றாவது பைப்பின் நட்டைக் கழற்றிப் பார்த்தேன். நட்டுக்குள் இருக்கிற கூம்பு முனை வெடித்திருந்தது. என் இழுப்பில் வெடித்தது. ஆட்கள் என்ன ஏது என்று கூடினார்கள். "நட்டு லூசா இருந்துருக்குது மேஸ்திரி" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பழைய பைப்புகள் பக்கத்திலேயே கிடந்தன. நட்டை இறுக்குகிற சாக்கில் அதில் ஒன்றை நானே மாற்றிப் போட்டேன். வெடித்த பைப்பை யார் கண்ணிலும் படாமல் பட்டறைக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் போட்டேன். தண்ணீரில் விழுகிற சத்தம் வருவதற்குள் திரும்பிவிட்டேன். அவர் விரலில் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். "ஏனுங்க மொதலாளி, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்லாமுங்களா? உள்ள சுருசுருங்குது" என்றார். மணி இரண்டரை தாண்டியிருந்தது. சூடத்தட்டு தயாராக இருந்தது. சீல் இல்லாமல் வண்டியை அனுப்ப எனக்கு மனசில்லை. "சீல் அடிச்சுட்டுப் போலாமுங்க மேஸ்திரி, நேரம் முடியுது" என்றேன்.

அந்த விரலோடுதான் அவர் ஓட்டம் பார்த்தார், திருகை வைத்தார், கம்பி கோத்தார், ஈயத்தை வைத்துக் குறட்டை அழுத்தினார். அழுத்தும்போது முகம் சுருங்கியது. வண்டி மூன்று மணிக்குள் கிளம்பியது. நான் வண்டிக்குப் பின்னாலேயே மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய் வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. பஸ் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் போய்ப் பார்க்கும்போது கை முழங்கை வரை வீங்கி, விரல் கருத்திருந்தது. என் காரில் படுக்க வைத்துச் சேலத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, டீசல் உள்ளே போய் உள்ளங்கை வரைக்கும் பரவிவிட்டது, நேற்றே வந்திருந்தால் கீறிக் கழுவியிருக்கலாமே என்றார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி உள்ளங்கையும் போயின.

கை போனதற்கு அவர் அழவில்லை. இடது கையால் எல்லாம் செய்யப் பழகினார். பம்ப்பைத் தொட வேண்டாம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொட்டை மட்டும் பாருங்கள், வேலையை நாங்கள் செய்கிறோம் என்று மெக்கானிக்குகள் இரண்டு மூன்று பேர் வந்து கெஞ்சினார்கள். மறுத்துவிட்டார். மூன்றாவது நட்டை நான் லூசாக விட்டேன், விட்டது கூடத் தெரியாமல் விட்டேன், இனி என் கண்ணையும் நம்ப முடியாது என்று எல்லோரிடமும் சொன்னார். குறட்டை எடைக்குப் போட்டுவிட்டு, எடப்பாடிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் போனது இரண்டு விரல் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் தெரியும், போனது விரல் மட்டுமில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கிற வார்த்தை என் வாயில் இருந்தது. எட்டு ஊர் கேட்கப் பேசுகிற வாய். அதை மட்டும் பேசவில்லை. தொழிலாளியைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடின முதலாளி என்று என்னைப் புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வறட்சியில் அந்த வண்டி போட்ட குழியெல்லாம் தண்ணீர். அங்கிருந்துதான் என் ஏற்றம்.

அந்த லாரியை இந்த வருஷம்தான் உடைக்கக் கொடுத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை மூலையில் நின்றது. இப்போதைய வண்டிகளில் டீசலை அளப்பது கம்ப்யூட்டர், திருகும் கிடையாது, சீலும் கிடையாது. உடைக்க வந்தவர்கள் பம்ப்பை இறக்கி வைத்தபோது பார்த்தேன். தூசிக்கும் கிரீசுக்கும் அடியில் சீல் உடையாமல் இருந்தது. ஓட்டின டிரைவர் ஒருவரும் தொடவில்லை. கம்பியை நானே வெட்டி எடுத்தேன். வேல் சாய்ந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். அடுத்த வாரம் டிரைவரைக் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

மகள் வீடு தறிப்பட்டறையோடு சேர்ந்தது. உள்ளே நாலு தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வெளியே சுவரை ஒட்டிப் போட்ட கொட்டகையில் அவர் உட்கார்ந்து, இடது கையால் ராட்டையைச் சுற்றி, வலது கையின் மிச்சத்தில் நூலைப் பிடித்து, தறி நாடாவுக்கான தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, எழ முயன்றார். மகள் நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். எந்தெந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று அவர் கேட்டார். வழக்கம் போல நான் ஆரம்பித்துவிட்டேன், ராஜஸ்தான் கதை, பாறை கதை எல்லாம். மோர் தீர்ந்தது. இனிமேல் பேசாவிட்டால் பேசவே மாட்டேன் என்று தெரிந்தது.

"மேஸ்திரி, அந்த மூணாவது நட்ட நாந்தானுங்க இறுக்குனேன். நீங்க சோத்துக்குப் போயிருந்தீங்க. பைப்பு வெடிச்சது என்னாலதான். லூசா இருந்துச்சுன்னு நாஞ் சொன்னது பொய்யிங்க."

ராட்டை நின்றது. அவர் என்னையே பார்த்தார். பிறகு உதடு மெல்ல விரிந்தது. "ஏனுங்க மொதலாளி, இதுவும் நீங்கதானுங்களா?" என்றார். மகளைக் கூப்பிட்டு, இவரைப் பற்றி நான் சொல்வேனே அவர்தான் என்று சொல்லி, எல்லாவற்றையும் அடுக்கினார். எந்த ஊரிலும் வராத தண்ணீரை நான் வெறும் காலால் நடந்து பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னது, சங்ககிரி மேட்டில் பிரேக் இல்லாமல் வண்டியை இறக்கினதாகச் சொன்னது, அவரே வைத்த பம்ப் டைமிங்கை நான் வைத்ததாக ஆட்களிடம் சொன்னது. ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தார். மகள் சிரித்தாள். கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். நான் மலையைப் பார்த்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். வயதான காலத்தில் சத்தியமெல்லாம் வேண்டாம் என்றார். வெடித்த பைப் எங்கே என்று கேட்டார். கிணற்றில் போட்டேன் என்றேன். அந்தக் கிணற்றை மூடி அதன் மேல் கட்டடமே எழுப்பிவிட்டீர்களே என்றார். ஆமாம், எழுப்பிவிட்டேன். கதைக்குக் கிணறு பொருத்தமாக அமைந்துவிட்டது என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

நான் விடவில்லை. ஸ்பேனர், குழாய், கிறிச்சென்ற சத்தம் என்று திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நான் சொல்கிற மற்றக் கதைகளைப் போலக் கேட்டது. அதே குரல், அதே கை ஆட்டல். அவர் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு தெரியுதுங்க. ஊர்ல நடந்த எல்லாத்தையும் நாந்தான் பண்ணேன்னு சொன்னீங்க, சரின்னு கேட்டுக்கிட்டோம். என்ர தப்பையாச்சும் எனக்கு உடுங்க" என்றார்.

அதற்கு மேல் என்னிடம் இருந்தது இந்த ஈயத் துண்டு ஒன்றுதான். எடுத்து நீட்டினேன். வலி தாங்கிக்கொண்டு நீங்கள் அடித்த சீல், இத்தனை வருஷம் உடையவில்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் இடது உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் வேலைத் தடவினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "சாஞ்சு உழுந்துருக்குது பாருங்க" என்றார். "எத்தன ஆயிரம் சீல் அடிச்சிருப்பேன், ஒண்ணு சாஞ்சதில்லீங்க. அன்னைக்குக் காத்தாலயே என்ர கையி போயிருச்சு. எனக்குத்தான் தெரியல." வேல் சாய்ந்தது நட்டுக்குப் பிறகு. டீசல் ஏறின விரலோடு, நான் நேரம் முடிகிறது என்று அவசரப்படுத்தின பிறகு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் துண்டை என் கையில் வைத்துவிட்டு ராட்டையைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

கார் வரைக்கும் மகள் வந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தானாமே, அடிக்கடி சொல்லுவார் என்றாள். ஆமாம் என்றேன். அதை உடனே நம்பினாள்.

இதை எழுதும்போது ஈயத் துண்டு மேசை மேல் இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவள் மறுபடி கேட்பாள். நான் சொன்னால் அதுவும் தாத்தாவின் கதைதான். இரண்டு விரலால் எடுத்துப் பிடித்துப் பார்க்கிறேன். கம்பியை நேராக வைத்தால் வேல் சாய்கிறது. வேலை நேராக வைத்தால் கம்பி சாய்கிறது.